நலமுற்ற பின்னும் ஒரு குளிசை

காய்ச்சல் தணிந்ததும் மருந்துப் போத்தலை ஒதுக்கிவிடுகிறோம். மனத்தை ஒருகால் மிதமிஞ்சிய களிப்பிலும் ஒருகால் ஆழ்ந்த துயரிலும் தள்ளும் இருமுனை மனநோய்க்கு அவ்வழக்கம் பொருந்தாது.

டென்மார்க்கில் மோகன்ஸ் ஷோ முதலியோர் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனை ஐயமறக் காட்டிற்று. இந்நோயோ, மீண்டும் மீண்டும் வரும் மனச்சோர்வோ உடையவராய், லிதியம் உண்டுவந்த 84 பெண்களுள் 39 பேருக்கு மருந்தற்ற போலிக் குளிசை வழங்கப்பட்டது. ஐந்து மாதத்துள் 21 பேருக்கு நோய் மீண்டது. லிதியத்தைத் தொடர்ந்த 45 பேரில் ஒருவருக்கேனும் மீளவில்லை.

ஆயினும் முழுக்காப்பு எனல் மிகை. 2010இல் வெளியான வேறோர் ஆய்வில், லிதியம் மட்டும் உண்ட 110 பேரில் 65 பேருக்கு ஈராண்டுக்குள் மேலும் சிகிச்சை வேண்டியதாயிற்று. வல்புரோயேற் மட்டும் உண்ட 110 பேரில் அத்தொகை 76. இரண்டையும் சேர்த்துண்டோரில் 59.

முஸ்லிம்கள் செறிந்து வாழும் மடவளையில் ரமழான் மாதம் தனிச் சோதனையாகும். உடலில் நீர் வற்றினால் குருதியில் லிதியம் மிகுந்து நஞ்சாகலாம். அதற்கஞ்சிக் குளிசையை நிறுத்தினால் நோய் மீளலாம். மொறோக்கோவில் நோன்பிருந்த 20 பேரில் 9 பேர் மீண்டும் நோயுற்றதாக 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு கூறிற்று. பாக்கிஸ்தானில் 62 பேரை ஆராய்ந்தோர் 2010இல் அத்தகைய கேட்டைக் காணவில்லை. ஆகவே நோன்புக்கு முன்னரே வைத்தியரைக் கண்டு, குருதியைச் சோதித்து, குளிசை வேளையை அவர் சொற்படி அமைத்துக்கொள்வதே தக்கது. நோயாளிக்கு நோன்பில் சலுகையுண்டு என்பதை ஊரார் அறிவர். குளிசையால் நலமாய்த் தோன்றுபவரும் நோயாளியே என்பதைத்தான் வீட்டார் பலர் ஏற்கத் தயங்குகின்றனர்.