"ஒண்டுமில்லை டொக்டர், நல்லாத்தான் நடக்கிறன்"

வயதானவர்கள் எமது சேர்ஜரிக்கு வரும்போது அவர்களது நடையை நாம் காத்திருக்கும் இடத்திலேயே பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். கதிரையிலிருந்து எழும்ப எத்தனை தரம் முயல்கிறார்கள், எழும்பியதும் எதைப் பிடிக்கிறார்கள், எமது அறைக் கதவு வரை வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதெல்லாம் ஒரு பரிசோதனைதான். உள்ளே வந்து இருந்ததும், "நடை எப்பிடி அம்மா?" என்று கேட்போம். "ஒண்டுமில்லை டொக்டர், நல்லாத்தான் நடக்கிறன்" என்று பதில் வரும். பக்கத்தில் இருக்கும் மகள் நிலத்தைப் பார்ப்பார்.

எம்மிடம் அப்படிச் சொன்னால் பரவாயில்லை, எமக்குக் கண் இருக்கிறது. அதே பதிலை அரச கொடுப்பனவுக்கான மதிப்பீட்டாளரிடம் தொலைபேசியில் சொல்லும்போதுதான் நட்டம் தொடங்குகிறது. சுகமா என்று கேட்டால் சுகம் என்று சொல்வது எமது மரியாதை. மதிப்பீட்டாளர் அதை மருத்துவத் தகவலாக எழுதிக்கொள்வார்.

எமக்குத் தெரிந்த ஓர் அம்மா, அப்போது அவருக்கு வயது 65. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்வு, கூடவே நீரிழிவு. எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்று கேட்டபோது, கோயிலுக்குப் போய் வருகிறேன் என்றார். மகன் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். கார் நிறுத்துமிடத்திலிருந்து கோயில் வாசலுக்குள் மூன்று இடத்தில் நிற்பதையும், அடுத்த நாள் முழுக்கக் கட்டிலில் கிடப்பதையும் இருவருமே சொல்லவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வெட்கத்தில் அந்தக் கடிதத்தை அவர் ஒருவருக்கும் காட்டவில்லை. குளியலறையில் விழுந்தபின் எம்மிடம் வந்தபோது ஓய்வூதிய வயதைக் கடந்திருந்தார். அந்த வழி அதோடு மூடிவிட்டது.

ஏன் மூடியது என்பதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். பிரித்தானியாவில் 16 வயதிலிருந்து அரச ஓய்வூதிய வயது வரை உள்ளவர்களுக்கான கொடுப்பனவு, பேர்சனல் இன்டிபென்டன்ஸ் பேமென்ற், சுருக்கமாகப் 'பிப்'. இதில் அன்றாட வாழ்வுக்கு ஒரு பகுதியும் நடமாட்டத்துக்கு ஒரு பகுதியும் உண்டு. ஓய்வூதிய வயதுக்குப் பின் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு இருப்பது அற்றென்டன்ஸ் அலவன்ஸ். அதில் நடமாட்டப் பகுதியே கிடையாது. ஆனால் அந்த வயதுக்கு முன்பே பிப் பெறத் தொடங்கியவர் தகுதி தொடரும்வரை அதைத் தொடர்ந்து பெறலாம். 66 ஆக இருந்த ஓய்வூதிய வயது 2026 முதல் 2028 வரை படிப்படியாக 67 ஆக உயர்கிறது. ஆகவே அறுபதுகளின் நடுவில் இருப்பவர்கள் "இன்னும் கொஞ்சம் பாப்பம்" என்று தள்ளிப்போடக் கூடாது. ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்குக் கொடுப்பனவுகளின் பெயர்கள் வேறு.

பிப் மதிப்பீட்டில், நோயின் பெயரைவிட அது உங்களை என்ன செய்யவிடாமல் வைத்திருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள். ஒரு வேலையைச் செய்ய முடியும் என்றால், ஆபத்தில்லாமல், ஒழுங்காக, தேவையான தடவைகள், நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிய வேண்டும். இது அவர்களுடைய சட்டத்திலேயே உள்ளது. 50 மீற்றர் தூரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒருமுறை நடந்துவிட்டு, பிறகு நாள் முழுவதும் நடக்க முடியாதென்றால், நீங்கள் 50 மீற்றர் நடக்கக்கூடியவர் அல்ல. நல்ல நாளைப் பற்றிச் சொல்லாதீர்கள், கூடிய நாட்கள் எப்படிப் போகின்றன என்பதைச் சொல்லுங்கள். இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: எங்கே நின்றேன், எதைப் பிடித்தேன், எப்போது விழப்பார்த்தேன். அதன் பிரதியைப் படிவத்தோடு அனுப்பலாம். மொழிபெயர்க்கப் பிள்ளைகளைக் கூப்பிடுவதை நாம் விரும்புவதில்லை. மகனுக்கு முன்னால் எந்தத் தாய் மலசலகூட விடயம் கதைப்பார்? மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், காசு கேட்க மாட்டார்கள்.

நிராகரித்தால் அதோடு முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். கடிதத்தின் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், அதற்குப் பிறகு தீர்ப்பாயத்துக்கும் போகலாம். படிவம் நிரப்ப சிற்றிசன்ஸ் அட்வைஸ், ஏஜ் யூகே போன்ற இடங்களில் இலவசமாக உதவி பெறலாம்.

ஓய்வூதிய வயதைத் தாண்டியவர்கள் அற்றென்டன்ஸ் அலவன்ஸைச் சிறிதாக எண்ணிவிடக் கூடாது. சேமிப்பையோ பிள்ளைகளின் வருமானத்தையோ பார்ப்பதில்லை, வரியும் இல்லை. 2025–26 நிதியாண்டில் கிழமைக்கு 73.90 பவுண், இரவும் பகலும் உதவி தேவைப்பட்டால் 110.40 பவுண். ஆறு மாதங்களாக உதவி தேவைப்பட்டிருக்க வேண்டும். உதவி உண்மையில் கிடைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, தேவைப்பட்டாலே போதும். எம்மவர்கள் படிவத்தில் விடும் பிழை ஒன்று: "சமைக்க ஏலாது, கடைக்குப் போக ஏலாது, வீடு கூட்ட ஏலாது" என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அவை இங்கே கணக்கில் வருவதில்லை. குளிப்பது, உடுப்பது, கட்டிலிலிருந்து எழும்புவது, மலசலகூடம் போவது போன்றவற்றில் படும் கஷ்டத்தை எழுதுங்கள். படிவத்தைத் தொலைபேசியில் கேட்டு, ஆறு கிழமைக்குள் திருப்பி அனுப்பினால், தொலைபேசி எடுத்த நாளிலிருந்தே கணக்கு.

பணத்துக்கு அப்பால் வீடு இருக்கிறது. இங்குள்ள பழைய வீடுகளில் வாசலில் ஒரு படி, குளிக்கத் தொட்டிக்குள் ஏற வேண்டும், மலசலகூடம் மேல்மாடியில். கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுத்து, 'கெயார் நீட்ஸ் அசெஸ்மென்ற்' வேண்டும் என்று கேளுங்கள். 2014 ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி இங்கிலாந்தில் அவர்கள் இதை மறுக்க முடியாது. பராமரிக்கும் மகளோ மருமகளோ தனக்கும் ஒரு மதிப்பீடு கேட்கலாம். ஓ.ரி. என்று நாம் சொல்லும் ஒக்கியுபேஷனல் தெரபிஸ்ற் வீட்டுக்கு வந்து பார்ப்பார். கைபிடி, தொட்டிக்குக் குறுக்கே வைக்கும் பலகை, உயர்த்திய மலசலகூட இருக்கை போன்றவற்றையும், 1,000 பவுணுக்கு உட்பட்ட சிறு மாற்றங்களையும் தேவை என்று கண்டால் இலவசமாகத் தருவார்கள். கீழ்மாடிக் குளியலறை, படியேற்றி போன்ற பெரிய வேலைகளுக்கு டிஸேபிள்ட் பசிலிற்றீஸ் கிரான்ற் இங்கிலாந்தில் 30,000 பவுண் வரை உண்டு. இயலாதவரதும் அவரது துணையினதும் வருமானத்தையே பார்ப்பார்கள், வளர்ந்த பிள்ளைகளின் சம்பளத்தை அல்ல. அனுமதி வருமுன் வேலையைத் தொடங்கினால் பணம் கிடைக்காமல் போகலாம். தெரிந்த மேசன் அடுத்த கிழமை ஃபிறீ என்று அவசரப்பட வேண்டாம்.

இன்னொன்று, இது எமது அன்பைப் பற்றியது. "அம்மா, நீங்கள் இருங்கோ, நான் தேத்தண்ணி கொண்டுவாறன்." ஒரு நாளில் இதைப் பத்துத் தரம் சொன்னால் அம்மா பத்துத் தரம் எழும்பவில்லை. வயதானவர்களின் தொடைத் தசை சில நாள் படுக்கையிலேயே மெலியத் தொடங்கும். கைபிடிக் கதிரையிலிருந்து எழும்பி இருப்பதே நல்ல பயிற்சி. முடிந்தால் கையை ஊன்றாமல் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். ஊன்றுகோலை நோகும் காலின் பக்கத்தில் பிடிப்பவர்களையே நாம் கூடுதலாகக் காண்கிறோம். அது மற்றக் கையில் இருக்க வேண்டும். சப்பாத்தோடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பின் உயரத்துக்குப் பிடி வர வேண்டும். அடியிலுள்ள றப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். வீட்டுக்குள் சப்பாத்துப் போடாத எமது வழக்கத்தில் வழுக்கும் காலுறையோடு லமினேற் தரையில் நடப்பது ஆபத்து. நீரிழிவால் பாதம் மரத்தவர்களுக்கு இன்னும் ஆபத்து. குதி மூடிய, அடி வழுக்காத வீட்டுச் செருப்பு ஒன்றைத் தனியாக வையுங்கள். எமது நிறத்தவர்கள் வருடம் முழுவதும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் விற்றமின் டி எடுப்பதும் நல்லது.

போரில் காலை இழந்து இங்கு வந்தவர்கள் எம்மிடையே பலர். ஊரில் பொருத்திய ஜெய்ப்பூர்க் காலை வருடக்கணக்காகத் தாமே திருத்திப் போட்டுக்கொண்டிருப்பவர்களை நாம் கண்டிருக்கிறோம். வெறுங்காலோடு நடக்கவும் குந்தி இருக்கவும் அது அருமையானது. ஆனால் உடல் எடை மாறினால், வெட்டுண்ட காலின் அளவும் மாறும், புண் வரும். உங்கள் ஜீ.பீ. தேசிய சுகாதார சேவையின் செயற்கை அவயவ நிலையத்துக்கு அனுப்புவார். சக்கர நாற்காலி தேவைப்பட்டாலும் அதற்கென்று தனிச்சேவை உண்டு.

விசாவில் 'பொது நிதி இல்லை' என்ற நிபந்தனை உள்ளவர்கள், ஊரிலிருந்து ஸ்பொன்சரில் வந்த பெற்றோர் உட்பட, பிப், அற்றென்டன்ஸ் அலவன்ஸ், பராமரிப்பாளர் கொடுப்பனவு ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்குமுன் குடிவரவு ஆலோசனை பெற வேண்டும். கவுன்சிலின் தேவை மதிப்பீடும் சுகாதார சேவையின் சிகிச்சையும் அந்தப் பட்டியலில் இல்லை. பயந்து அவற்றையும் விட்டுவிட வேண்டாம்.

கடைசியாக, நீல நிற 'புளூ பாட்ஜ்' கார் அட்டை. பிப்பின் நடமாட்டப் பரிசோதனையில் நடைக்கு 8 புள்ளி பெற்றவர்களுக்கு அது நேரடியாகக் கிடைக்கும். மற்றவர்களும் கவுன்சிலுக்கு விண்ணப்பிக்கலாம். இங்கிலாந்தில் கட்டணம் 10 பவுண் வரை. அது அம்மாவுக்குரியது, காருக்குரியதல்ல. அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு கோயில் வாசலில் மகன் அதை வைத்துக் காரை நிறுத்தினால் 1,000 பவுண் வரை தண்டம் விதிக்கலாம். எமது விழா மண்டபங்களிலும் இது நடக்கிறது, அதுவும் பாரஊர்தி இல்லாத மேல்மாடி மண்டபத்தில் விழா வைத்துவிட்டு. அட்டை பெரும்பாலும் மூன்று வருடத்துக்குச் செல்லும். முடியும் திகதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள், கவுன்சில் கடிதம் போடும் என்று பார்த்திருக்க வேண்டாம்.