467 கிலோமீட்டர், ஒரே ஓட்டம்

ஜூலை பிறந்தால் நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் டிவியில் பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தைப் பார்க்கிறார்கள். முதலில் வருபவருக்கு ஏன் மஞ்சள் பனியன் என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல 1903-க்குப் போக வேண்டும்.

அப்போது பாரிஸில் இரண்டு விளையாட்டுத் தினசரிகள். 'ல வேலோ' பச்சைத் தாளில் வந்தது, 'லோதோ' மஞ்சள் தாளில். பெயர் வழக்கில் தோற்று, விற்பனையிலும் பின்தங்கி நின்ற லோதோவுக்குப் பிழைக்க ஒரு வழி தேவைப்பட்டது. நாட்டையே சுற்றிவரும் பந்தயம் என்ற யோசனையைச் சொன்னவர் அங்கே வேலை பார்த்த இளைஞர் ழியோ லெஃபெவ்ர். ஆசிரியர் ஆன்ரி தெக்ராஞ்ச் தயங்கித்தான் சம்மதித்தார். முதல் அறிவிப்புக்கு ஆள் சேரவில்லை. தேதியைத் தள்ளி, நுழைவுக் கட்டணத்தை 20 ஃப்ராங்கிலிருந்து பத்தாகக் குறைத்தபிறகே 60 பேர் தேறினார்கள். (மஞ்சள் பனியன் வந்தது 1919-இல். அந்தத் தாளின் நிறம்தான் காரணம் என்பார்கள்.)

1903 ஜூலை 1, பிற்பகல் 3.16. பாரிஸை ஒட்டிய மோன்ழெரோனில், 'அலாரம் கடிகாரம்' என்று பொருள்படும் பெயர்கொண்ட ஒரு காபிக் கடை வாசலிலிருந்து கிளம்பினார்கள். பேர் அப்படி, கிளம்பியதோ மத்தியானத்துக்கு மேல்! போய்ச்சேர வேண்டிய ஊர் லியோன், 467 கி.மீ. நமக்குப் புரியும்படி சொன்னால் சென்னையிலிருந்து மதுரை. அதற்கும் சற்றுக் கூட. கியர் மாற்றும் வசதி கிடையாது, ராத்திரி முழுக்க ஓட்டம், டயர் பஞ்சரானால் தானேதான் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

ஜெயிப்பார் என்று பலரும் நம்பிய இப்போலித் ஒகூத்யூரியே வயிற்றுவலியால் வழியிலேயே விலகினார். விதி சற்று விசித்திரமானது: ஒரு கட்டத்தை முடிக்காதவர் அடுத்த கட்டத்தில் கலந்துகொள்ளலாம், மொத்தக் கணக்கில் மட்டும் சேர்த்தி இல்லை. மனிதர் விடவில்லை, அடுத்த இரண்டு கட்டங்களையும் ஜெயித்துக் காட்டினார்.

லெஃபெவ்ர் ரயிலிலும் சைக்கிளிலுமாக மாறிமாறிப் பின்தொடர்ந்தார். அவர் லியோன் போய் இறங்குவதற்குள் இரண்டு பேர் வந்து சேர்ந்துவிட்டார்களாம்! மறுநாள் காலை ஒன்பது மணிவாக்கில் முதலாவதாக வந்தவர் மொரீஸ் கரான். 17 மணி 45 நிமிடம் 13 விநாடி. எமில் பாஜி 55 விநாடி பின்னால். ராத்திரி பூரா மிதித்து, ஒரு நிமிஷம்கூட வித்தியாசமில்லை பாருங்கள்.

கரான் பிறப்பால் இத்தாலியர். சிறுவயதில் பிழைப்புக்காகப் பிரான்ஸ் வந்து புகைபோக்கி சுத்தம் செய்தவர். குடியுரிமை கிடைத்தது 1901-இல்தான். ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இந்தச் சேதி சற்றுக் கூடுதலாகவே பிடிக்கும். முதல் கட்டத்தில் பிடித்த முன்னிலையை அவர் கடைசிவரை விடவில்லை. ஜூலை 19-ஆம் தேதி பாரிஸ் திரும்பியபோது இரண்டாமவர் ஏறக்குறைய மூன்று மணி நேரம் பின்தங்கியிருந்தார். 60 பேரில் முடித்தவர்கள் 21 பேர்.

லோதோவின் விற்பனை மளமளவென்று ஏறியது. ல வேலோ 1904-இல் மூடப்பட்டது. அந்த வருஷமும் கரான் முதலில் வந்தார். ஆனால் தில்லுமுல்லு என்று பட்டத்தைப் பறித்துவிட்டார்கள், அது தனிக்கதை. பிற்காலத்தில் லென்ஸ் நகரில் பெட்ரோல் பங்க் வைத்திருந்தார். 1957-இல் காலமானார்.