முதல் பீரியடில் வாய்ப்பாடு ஏன் மறக்கிறது?

நேற்று மாலை தடங்கலின்றிச் சொன்ன ஏழாம் வாய்ப்பாடு, காலை வகுப்பில் நாக்கு நுனியிலேயே நின்றுவிடுகிறது. ஏன்?

பெரியவர்களின் உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆற்றலிலோ ஏறக்குறைய 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. குழந்தைகளிடம் இந்தப் பங்கு இன்னும் அதிகம். இரவு முழுவதும் கல்லீரலின் சேமிப்பிலிருந்துதான் மூளைக்குச் சர்க்கரை போகிறது. விடியும்போது அந்த இருப்பு குறைந்திருக்கும். வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்குக் கவனம் சிதறலாம். அப்போது புதிய பாடம் பதியாது, பழையதும் எளிதில் வராது.

இரும்புச்சத்தும் முக்கியம். மூளைக்கு ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கும், நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸின் வளர்ச்சிக்கும் அது வேண்டும். கீரையோடு நெல்லிக்காய் சேர்ந்தால் உடல் இரும்பைக் கூடுதலாக உறிஞ்சும். உடனே குடிக்கும் தேநீர் அதைக் குறைக்கும்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் தட்டில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று பாடத்துக்கு முன்பே சூடாகப் பரிமாறுகிறது.