பிப்ரவரி யாருக்காக?

2025 ஜனவரி 31ஆம் தேதி அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஓர் ஆணை வெளியிட்டது. கறுப்பின வரலாற்று மாதம், பெண்கள் வரலாற்று மாதம், ஆசிய, ஹிஸ்பானிய, பூர்வகுடி மரபு மாதங்கள் என எதைக் கொண்டாடவும் இனிமேல் படையின் பணமும் நேரமும் செலவாகக் கூடாது. விருப்பமுள்ளவர்கள் பணி நேரத்துக்கு வெளியே தனிப்பட்ட முறையில் கலந்துகொள்ளலாம். ஒரு பிரிவினரை மட்டும் தனியே எடுத்துப் போற்றினால் படையினருக்குள் விரிசல் விழும், தோழமை குலையும் என்று காரணம் சொல்லப்பட்டது. அதே நாளில்தான் அந்நாட்டு அதிபர், பிப்ரவரியைக் கறுப்பின வரலாற்று மாதமாக அறிவிக்கும் வழக்கமான பிரகடனத்தையும் வெளியிட்டார். இனக் குழுக்களின் பெயரால் கொண்டாடப்படும் மாதங்கள் மக்களைச் சேர்த்துவைக்கின்றனவா, பிரித்துவைக்கின்றனவா என்ற கேள்வியில் ஒரே அரசு ஒரே நாளில் இரண்டு பக்கமும் நின்றது.

ஆணையின் வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. சீருடை போட்டபின் எல்லோரும் ஒன்று என்ற எண்ணம் உயர்வானது. போர்க்களத்தில் அது உயிர் காக்கும். ஆனால் அந்த ஒருமை அமெரிக்கப் படையில் எப்போது வந்தது என்று பார்க்க வேண்டும். 1948 ஜூலையில் அதிபர் ட்ரூமன் ஆணை பிறப்பிக்கும்வரை கறுப்பின வீரர்கள் தனிப் படைப்பிரிவுகளில்தான் வைக்கப்பட்டிருந்தார்கள். 1944இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூட் முகாமில் பேருந்தின் பின்னிருக்கைக்குப் போக மறுத்த ஓர் இளம் அதிகாரி இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். அவர்தான் ஜாக்கி ராபின்சன். 1947இல் பேஸ்பால் பெருங்குழுக்களின் நிறத் தடையை உடைத்தவர். அவருடைய படைச் சேவையைப் பற்றிய பக்கம் 2025 மார்ச்சில் பாதுகாப்புத் துறையின் இணையதளத்திலிருந்து காணாமல் போனது; கண்டனம் எழுந்தபின் திரும்பி வந்தது. இரண்டாம் உலகப் போரில் தங்கள் தாய்மொழியையே இரகசியக் குறியீடாக்கித் தகவல் அனுப்பிய நவாஹோ வீரர்களைப் பற்றிய பக்கங்களுக்கும் அதே கதி நேர்ந்தது. பன்முகத்தன்மை தொடர்பானவற்றை நீக்கும் வேலையில் தவறுதலாக நடந்தது என்றார்கள். தவறுதலாகவே இருக்கட்டும். பிரிவினை கூடாது என்று துடைக்கப் புறப்பட்ட கை, பிரிவினையை எதிர்த்து நின்றவர்களின் பெயரை அல்லவா முதலில் துடைத்திருக்கிறது? இந்த மாதங்கள் எதற்காகப் பிறந்தன என்பதை அறிய இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

கறுப்பின வரலாற்று மாதத்துக்கு வித்திட்டவர் ஒரு சுரங்கத் தொழிலாளி. கார்ட்டர் வுட்சன் 1875இல் வர்ஜீனியாவில் பிறந்தார். பெற்றோர் இருவரும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த இளைஞர், மாலையில் எழுத்தறியாத சக தொழிலாளிகளுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுவார். அவர்களில் உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட கறுப்பின முதியவர்களும் இருந்தார்கள். தாங்கள் கண்ட போரைப் பற்றி அவர்கள் சொன்னது எந்தப் புத்தகத்திலும் இல்லை. உயர்நிலைப் பள்ளியில் சேரும்போதே வுட்சனுக்கு இருபது வயது. 1912இல் ஹார்வர்டில் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே அந்தப் பட்டம் பெற்ற இரண்டாவது கறுப்பினத்தவர் அவர். 1915இல் கறுப்பின மக்களின் வாழ்வையும் வரலாற்றையும் ஆராய்வதற்கென ஒரு சங்கத்தையும், மறு ஆண்டில் அதற்கென ஓர் ஆய்விதழையும் தொடங்கினார். 1926 பிப்ரவரியில் ‘நீக்ரோ வரலாற்று வாரம்’ வந்தது. ஆபிரகாம் லிங்கனின் பிறந்தநாளையும், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து அடிமைமுறைக்கு எதிராக முழங்கிய ஃபிரெடரிக் டக்ளஸின் பிறந்தநாளையும் கறுப்பின மக்கள் ஏற்கெனவே பிப்ரவரியில் கொண்டாடிவந்ததால் அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தார். வழக்கத்தில் இருந்த விழாவுக்குள் படிப்பைக் கொண்டுவந்து வைத்ததுதான் அவர் செய்த மாற்றம்.

அன்றைய பாடநூல்கள் எப்படி இருந்தன என்று தெரிந்தால்தான் அந்த மாற்றத்தின் எடை புரியும். புகழ்பெற்ற இரண்டு வரலாற்றாசிரியர்கள் சேர்ந்து எழுதி 1930இல் வெளியிட்ட அமெரிக்க வரலாற்றுப் பாடநூல், அடிமைகளை இழிவான பட்டப்பெயரால் குறிப்பிட்டு, தென் மாநிலங்களில் அடிமைமுறையால் மற்ற எந்தப் பிரிவினரையும்விட அவர்கள் குறைவாகவே துன்பப்பட்டிருக்கலாம் என்ற பொருளில் எழுதியது. பல பதிப்புகளுக்கு அந்தப் பகுதி தொடர்ந்தது. அதைப் படித்தவர்களில் வெள்ளையின மாணவர்களும் உண்டு, கறுப்பின மாணவர்களும் உண்டு. இரு சாராரின் மனத்திலும் ஒரே பொய் பதிந்தது. ஆகவே வுட்சன் தன் மக்களுக்கு ஊக்கமூட்ட மட்டும் அந்த வாரத்தை நினைக்கவில்லை. கறுப்பர்களுக்கென்று தனி வரலாறு வேண்டும் என்பதல்ல, எல்லோருக்கும் பொதுவான வரலாற்றில் கறுப்பர்களின் இடம் தெரிய வேண்டும் என்பதே அவர் வற்புறுத்தியது. இன வெறுப்பும் தேசச் சாய்வும் மதக் காழ்ப்பும் நீங்கிய உலக வரலாறே தேவை என்றார். வாரத்தின் புகழைப் பயன்படுத்திப் பிழைக்க வந்த அரைகுறைப் பேச்சாளர்கள்மீது கடும் கோபம் கொண்டார். மாணவர்களைவிடக் குறைவாகத் தெரிந்தவர்களை மேடையேற்றாதீர்கள் என்று ஆசிரியர்களை எச்சரித்தார். அந்த வாரம் 1970 வாக்கில் கென்ட் மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களின் முயற்சியில் மாதமாக வளர்ந்து, 1976இல் அதிபர் ஃபோர்டின் ஏற்பைப் பெற்றது.

இந்தப் பின்னணியில்தான் நடிகர் மார்கன் ஃபிரீமன் 2005இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் எழுப்பிய மறுப்பை எடைபோட வேண்டும். கறுப்பினத்தவரான அவரே இந்த மாதம் அபத்தம் என்றார். தன் வரலாற்றை ஒரு மாதத்துக்குள் அடைப்பதா, கறுப்பின வரலாறு என்பது அமெரிக்க வரலாறுதானே என்று கேட்டார். கேள்வியின் முன்பாதியோடு வுட்சனே உடன்படுவார். பின்பாதியில்தான் ஒரு படி தாண்டப்படுகிறது. ‘கறுப்பின வரலாறு அமெரிக்க வரலாறே’ என்பது அடைய வேண்டிய இடம். அங்கே போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று முதலில் தெரிந்துகொண்டால்தான் வழியில் இருக்கும் ஏணியை எடுக்கலாம். மாதத்தை நீக்கிய மறுநாளே அதன் பாடம் பொதுப் பாடநூலுக்குள் தானாக வந்து அமர்ந்துகொள்ளும் என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. ராபின்சனின் பக்கத்துக்கு நேர்ந்தது எதிர்த்திசையைத்தான் காட்டுகிறது. இன்னொரு மறுப்பும் அடிக்கடி கேட்கிறது: வெள்ளையர்களுக்கென ஏன் மாதம் இல்லை? அயர்லாந்து வழி வந்தவர்களுக்கு 1991 முதல் அமெரிக்காவில் மார்ச் மாதம் இருக்கிறது. ஜெர்மானிய வழியினருக்கு அக்டோபரில் ஒரு நாள் இருக்கிறது. தங்கள் மூதாதையரின் ஊரும் கப்பலும் தெரிந்தவர்களுக்கு அந்த அடையாளத்தின் பெயரில் விழா எடுக்க முடிகிறது. பிடித்துவரப்பட்டு, பெயரும் மொழியும் ஊரும் பறிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நிறத்தின் பெயரைத் தவிர வேறு பெயர் மிஞ்சவில்லை.

வேறுபாட்டைப் பேசாமல் ஒற்றுமையை மட்டும் பேசினால் சமூகம் நெருங்கிவரும் என்ற நம்பிக்கை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டிருக்கிறது. தாமர் சாகுய், ஜான் டோவிடியோ உள்ளிட்ட உளவியலாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்பாளர்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்குப் பலனைப் பங்கிடும் அதிகாரம் உண்டு, மற்றதற்கு இல்லை. தங்களுக்குப் பொதுவானவற்றை மட்டும் பேசிய பிறகு, அதிகாரமற்றவர்கள் எதிர்த்தரப்பு நியாயமாக நடக்கும் என்று அதிகமாக நம்பத் தொடங்கினார்கள். பங்கீடு நடந்தபோது அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. பேச்சில் இனிமை கூடியது, பங்கில் நேர்மை கூடவில்லை. இன்னோர் ஆய்வு நேராக இந்த மாதத்தைப் பற்றியது. ஃபியா சால்டர், க்ளென் ஆடம்ஸ் ஆகிய இருவரும் அமெரிக்கப் பள்ளிகளில் பிப்ரவரியில் வைக்கப்படும் காட்சிப் பலகைகளை ஒப்பிட்டார்கள். வெள்ளையின மாணவர் மிகுந்த பள்ளிகளில் சாதனையாளர் படங்களும் பன்முகத்தன்மை பற்றிய பொதுவான வாசகங்களும் கூடுதலாக இருந்தன. கறுப்பின மாணவர் மிகுந்த பள்ளிகளில் ஒடுக்குமுறையும் அதை எதிர்த்த போராட்டமும் கூடுதலாக இருந்தன. இரண்டாம் வகையைப் பார்த்தவர்களே இன்றைய பாகுபாட்டைத் தெளிவாகக் கண்டார்கள். ஒரே மாதம், ஒரே பெயர். ஆனால் உள்ளே வைப்பது வேறானால் விளைவும் வேறு. மாதம் சேர்க்குமா பிரிக்குமா என்று மொத்தமாகக் கேட்பதைவிட, இந்தப் பலகையில் யாருக்கு என்ன சொல்லப்படுகிறது என்று கேட்பதே பயனுள்ளது.

ஒரு மாதத்தோடு நிறுத்தாமல் ஆண்டு முழுதும் கற்பித்தால் என்னவாகும் என்பதற்கும் சான்று உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவில் மதிப்பெண் குறைந்த ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு இனக் குழுக்களின் வரலாற்றைக் கற்பிக்கும் பாடம் ஒதுக்கப்பட்டது. தாமஸ் டீ, எமிலி பென்னர் இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவர்களின் வருகை 21 சதவிகிதப் புள்ளிகளும், நான்குக்குக் கணக்கிடும் சராசரித் தரம் 1.4 புள்ளியும் உயர்ந்தன. சில பள்ளிகளில் மட்டும் நடந்த ஆய்வு அது. விளைவின் அளவை ஐயுற்றவர்களும் உண்டு. ஆனால் தங்கள் கதை பாடத்தில் வந்ததும் மாணவர்கள் பள்ளியை விட்டு விலகிப்போகவில்லை, நெருங்கிவந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. பிளவுக்கு அஞ்சுபவர்கள் எதிர்பார்த்ததற்கு இது நேர்மாறு.

இவ்வளவும் சொன்னபின், மாதங்களால் வரும் கேடுகளை மறைப்பது நேர்மையாகாது. கனடாவைப் பாருங்கள். பன்முகப் பண்பாட்டை 1971இலேயே அரசுக் கொள்கையாக அறிவித்த நாடு அது. இன்று அதன் மே மாதத்தில் ஆசியர், யூதர், டச்சுக்காரர் ஆகியோரின் மரபு மாதங்களும், ஜூனில் இத்தாலியர், போர்த்துகீசியர், பிலிப்பினோக்கள், பூர்வகுடிகள் ஆகியோரின் மாதங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. அரசியல்வாதிகளுக்கு மாதத்தை அறிவிப்பது செலவில்லாத பரிசு; ஒரு சமூகத்தின் வீட்டு வாடகைக்கோ வேலைக்கோ விடை சொல்லாமலே அவர்கள் உடையை அணிந்து புகைப்படத்துக்கு நின்றுவிடலாம். எனக்கும் ஒரு மாதம் கிடைத்தது என்ற பெருமிதம், அவனுக்கு இருப்பதுபோல் எனக்கும் என்ற போட்டியாக மாறுவதற்கு வெகுநேரம் ஆகாது. இந்த இடத்தில் பிரிவினைவாதம் என்ற குற்றச்சாட்டு உண்மையாகிறது.

அந்த நாட்காட்டியில் தமிழருக்கும் ஓர் இடம் உண்டு. பொங்கல் வரும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஒன்டாரியோ மாநிலம் 2014இல் சட்டமாக்கியது. 2016 அக்டோபரில் கனடிய நாடாளுமன்றம் ஒருமனதாக ஏற்றது. கோலமும் பரதமும் பொங்கலும் அந்த மாதத்தில் நிறைந்திருப்பது அழகுதான். ஆனால் வுட்சனின் அளவுகோலை எடுத்தால் கேட்க வேண்டியது வேறு: கனடாவின் வரலாற்றில் தமிழர் எங்கே இருக்கிறார்கள்? 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத் தமிழர்களை அங்குள்ள மீனவர்கள் மீட்டார்கள். 2010இல் ‘சன் சீ’ கப்பலில் வந்த 492 பேரில் பெரும்பாலோர் மாதக்கணக்கில் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார்கள். இரண்டும் கனடாவின் கதைகள், இரண்டும் தமிழரின் கதைகள். மீனவர்களின் பேரப்பிள்ளைகளும் அகதிகளின் பேரப்பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்ந்து படிக்க வேண்டியவை. இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. 1990 அக்டோபரில் இலங்கையின் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும் தமிழ் பேசுபவர்களே. அவர்களுக்கும், மலையகத் தோட்டத் தொழிலாளர் வழி வந்தவர்களுக்கும், சாதியால் ஒதுக்கப்பட்டவர்களுக்கும் அந்த மாதத்தின் மேடையில் இடம் கிடைக்கிறதா என்பதைப் பொறுத்தே ‘தமிழ் மரபு’ என்ற சொல் எத்தனை பேரைச் சேர்த்துக்கொள்கிறது என்பது முடிவாகும். தனக்கு இழைக்கப்பட்டதைச் சொல்லும் சமூகம், தான் இழைத்ததையும் சொல்லத் துணியும்போதுதான் அடுத்த வீட்டுக்காரர் காது கொடுப்பார்.

மாதம் எப்படி மாதத்தைத் தாண்டிப் போகிறது என்பதற்கும் கனடாவிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1946 நவம்பர் 8 அன்று நோவா ஸ்கோஷியாவின் நியூ கிளாஸ்கோ ஊரில், வயலா டெஸ்மண்ட் என்ற கறுப்பினப் பெண் சினிமா பார்க்கப் போனார். அழகுக்கலைத் தொழில் நடத்திவந்தவர். கீழ்த்தள இருக்கைக்குக் கேட்ட சீட்டைக் கொடுக்காமல் மாடிச் சீட்டைக் கொடுத்தார்கள்; அவர் கீழேயே அமர்ந்தார். இழுத்துச் சென்று ஓரிரவு சிறையில் வைத்தார்கள். இரு சீட்டுகளுக்கும் வரியில் இருந்த ஒரு சென்ட் வித்தியாசத்தைக் காட்டி, வரி ஏய்ப்பு என்று தண்டனை விதித்தார்கள். அவர் 1965இல் இறந்தார். அவருடைய தங்கை பல ஆண்டுகள் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். 2010இல் மாநில அரசு தண்டனையை நீக்கி மன்னிப்புக் கேட்டது. 2012 பிப்ரவரியில், கறுப்பின வரலாற்று மாதத்தை ஒட்டி, அவர் படத்தோடு அஞ்சல்தலை வந்தது. 2018 நவம்பரில் வெளியான பத்து டாலர் தாளில் அவர் முகம் இருக்கிறது. ரொட்டிக் கடையிலும் பெட்ரோல் நிலையத்திலும் அது ஆகஸ்டிலும் கைமாறுகிறது, டிசம்பரிலும் கைமாறுகிறது.