பிரித்தால் மீண்டும் துணி

ஜப்பானின் மரபு உடையான கிமோனோவைத் தைக்க, தன்மோனோ எனப்படும் ஒரே ஒரு துணிச்சுருள் போதும். அகலம் சுமார் 36 சென்டிமீட்டர், நீளம் சுமார் 12 மீட்டர். அதை நேர்கோட்டிலேயே வெட்டி எட்டுத் துண்டுகள் எடுப்பார்கள்: உடலுக்கு இரண்டு, கைகளுக்கு இரண்டு, முன்புறத்துக்கு இரண்டு, கழுத்துப்பட்டைக்கு இரண்டு. வளைவு வெட்டு கிடையாது என்பதால் வீணாகும் துணியும் அநேகமாகக் கிடையாது.

அந்தக் காலத்தில் அழுக்கேறினால் தையலைப் பிரிப்பார்கள். துண்டுகளை மறுபடி நீளவாக்கில் இணைத்து, துவைத்து, கஞ்சி போட்டு விறைப்பாக இழுத்துக் காயவைத்து, திரும்பத் தைப்பார்கள். நைந்த பகுதியை உள்ளே மறைத்து நல்ல பகுதியை வெளியே கொண்டுவருவதும் உண்டு. குழந்தையின் கிமோனோவில் தோளிலும் இடுப்பிலும் டக் பிடித்திருப்பார்கள். பிள்ளை வளர வளர அதை அவிழ்த்துவிடலாம். பெரியவர் ஆடை பிறகு பிள்ளைக்கு ஆகும், மெத்தை உறையாகும், கடைசியில் துடைக்கும் துணியாகும்.

மேலைநாட்டு உடை பரவியபின் நிலைமை மாறியது. உடம்பின் வளைவுக்கேற்ப வெட்டும்போது துண்டுகளுக்கிடையே துணி மிஞ்சுகிறது. வெட்டு மேசையில் 15 விழுக்காடு வரை கழிவாகப் போகிறது என்பது ஆடைத் துறையில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

இன்று அதே ஜப்பானில் கணினி இந்தக் கழிவை எதிர்க்கிறது. வகயாமா நகரின் ஷிமா செய்கி நிறுவனம் கையுறை பின்னும் இயந்திரத்தில் தொடங்கியது. விரல்களைக் கைகளாகவும் உள்ளங்கையை உடலாகவும் நினைத்துப் பார்த்த அந்த யோசனை, 1995-இல் தையலே இல்லாமல் முழு ஸ்வெட்டரையும் பின்னித்தரும் இயந்திரமாக வந்தது. 1998-இல் ஆடை வடிவமைப்பாளர்கள் இஸ்ஸே மியாகே, டாய் ஃபுஜிவாரா இருவரும் ஏ-பாக் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். கணினி நிரலின்படி பின்னிய குழாய்த் துணியிலேயே உடையின் கோடுகள் இருக்கும். அணிபவரே கத்தரிக்கோலால் வெட்டி, கையின் நீளத்தைத் தீர்மானிக்கலாம். டோக்கியோவின் சின்ஃப்ளக்ஸ் குழுவோ, உடலளவை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து, துணி முடிந்தவரை மிஞ்சாதபடி உடையை நேர்கோட்டுத் துண்டுகளாகப் பிரிக்கும் மென்பொருளை உருவாக்கியிருக்கிறது. கிமோனோவின் நேர்வெட்டு கணினிக்குள் திரும்பி வந்துவிட்டது.

ஆனால் கிமோனோவின் பெரிய பலம் வெட்டில் மட்டும் இல்லை, பிரிப்பதிலும் இருந்தது. வெட்டும்போது துணியை மிச்சப்படுத்திவிட்டு, கை கிழிந்ததும் முழு உடையையும் தூக்கிப் போட்டால், மிச்சப்படுத்தியதெல்லாம் குப்பைக்குத்தான். கை தனி, கழுத்து தனி, உடல் தனி என்று கழற்றி மாட்டும்படி வடிவமைப்பதுதான் அடுத்த வேலை. கணினியில் அளவுகள் பத்திரமாக இருப்பதால், கிழிந்த ஒரு பகுதியை மட்டும் மறுபடி வெட்டியெடுப்பது இன்று எளிது. செய்ய மனம்தான் வேண்டும்.

கணினியில் வடிவம் வரையும் கேட் (CAD) மென்பொருளும் தானியங்கிக் கட்டிங் மேசைகளும் திருப்பூருக்கு வந்தாயிற்று. பாவாடைக்கு டக் பிடித்துத் தைத்த பழக்கமும் நமக்கு உண்டு. இங்கே படிக்கும் இளம் வடிவமைப்பாளர்கள், எப்படித் தைப்பது என்று யோசிக்கும்போதே எப்படிப் பிரிப்பது என்றும் யோசிக்க வேண்டும்.