ஜப்பானில் இருவருக்கான கிறிஸ்துமஸ் இரவு விருந்து

ஜப்பானில் டிசம்பர் 24ஆம் நாள் மாலை காதலர்களோ இளம் தம்பதியரோ இருவராகச் சேர்ந்து உண்ணும் விருந்து, அந்நாட்டின் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தில் முக்கியமான ஒன்றாகும். கோழிக்காலும், ஸ்ட்ராபெரிப் பழம் வைத்த வெண்ணிறக் கேக்கும் இதில் பெரும்பாலும் இடம்பெறும். குழந்தைகள் உள்ள வீடுகளில் இதே உணவு குடும்ப விருந்தாகிவிடும்.

பின்னணி

ஜப்பானிய மக்கள்தொகையில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 1 விழுக்காட்டினரே. எனவே பெரும்பாலானவர்களுக்கு இந்த நாள் வழிபாட்டோடு தொடர்புடையது அன்று. மேலை நாடுகளில் கிறிஸ்துமஸ் குடும்பம் கூடும் நாள். ஜப்பானில் குடும்பம் கூடுவதும் சொந்த ஊருக்குப் போவதும் புத்தாண்டுக்குத்தான். அதனால் டிசம்பர் 24 இளையோருக்கென்று ஒதுங்கிய நாளாக அமைய இடமிருந்தது. 1980களில் பாடல்களும் விளம்பரங்களும் அதைக் காதலர் இரவாகவே மாற்றின. தத்சுரோ யமாஷிதா 1983இல் வெளியிட்ட 'கிறிஸ்துமஸ் ஈவ்' என்னும் பாடல், அப்பத்தாண்டின் இறுதியில் ஒரு ரயில் நிறுவனத்தின் விளம்பரத்தில் இடம்பெற்றபின் நாடு முழுவதும் ஒலித்தது.

அன்று பணம் தாராளமாகப் புழங்கிய காலம். பெருநகர விடுதிகளில் பிரெஞ்சு விருந்துக்குப் பல மாதங்கள் முன்பே இடம் பிடித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் பொருளாதாரம் சரிந்ததும் அந்த ஆடம்பரம் குறைந்தது. வீட்டில் சமைத்து உண்பது சிக்கனமாகக் கருதப்படாமல் இயல்பான தேர்வாகவே ஆகிவிட்டது.

வேலைநாளில் வரும் பண்டிகை

இந்த விருந்தின் அமைப்பைப் புரிந்துகொள்ள ஒரு செய்தி போதும்: டிசம்பர் 24உம் 25உம் ஜப்பானில் அரசு விடுமுறைகள் அல்ல. 1927 முதல் 1947 வரை 25ஆம் நாள் விடுமுறையாக இருந்தது உண்மைதான். ஆனால் அது பேரரசர் தைஷோவின் நினைவு நாள் என்பதற்காக. பின்னர் 1989 முதல் 2018 வரை, பேரரசர் அகிஹிதோவின் பிறந்தநாளான டிசம்பர் 23 விடுமுறையாக இருந்தது. கடைக்குப் போகவும் கேக் சுடவும் அந்த ஒரு நாள் உதவியது. 2019இல் பேரரசர் மாறியதும் அதுவும் போயிற்று.

ஆகவே இருவரும் வேலை முடிந்து, நெரிசலான ரயிலில் வீடு திரும்பிய பிறகே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். மணிக்கணக்கில் வேகும் உணவுக்கு இங்கே வாய்ப்பில்லை. வான்கோழி பரவாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். மற்றொன்று, சமையலறை. பல ஜப்பானிய வீடுகளில் முழு வான்கோழி நுழையும் அளவுக்கு அவன் கிடையாது. நுண்ணலை அடுப்போடு சேர்ந்த சிறிய அவனும், எரிவாயு அடுப்புக்குள் மீன் வாட்டுவதற்கென ஓர் இழுப்பறையும்தான் இருக்கும். கோழிக்கால் அளவாகப் பொருந்துகிறது. ஆளுக்கு ஒன்று வைத்தால் விருந்து முடிந்தது. சமைக்க நேரமில்லாதவர்கள் கென்டக்கி பிரைடு சிக்கன் கடையில் சில வாரங்களுக்கு முன்பே சொல்லிவைத்து வாங்குகிறார்கள். 1970இல் ஜப்பானுக்கு வந்த அந்நிறுவனம் 1974 முதல் கிறிஸ்துமஸுக்கென்று நாடு தழுவிய விளம்பரம் செய்து இந்த வழக்கத்தை வேரூன்றச் செய்தது.

கோழிக்கால் சமைக்கும் முறை

எலும்போடு கூடிய முழுக்கால் இரண்டு தேவை. முந்தைய இரவே எலும்பை ஒட்டி உட்புறத்தில் கத்தியால் நீளமாகக் கீறி, உப்பும் மிளகுத்தூளும் தடவிக் குளிர்பெட்டியில் வைக்கலாம். கீறாவிட்டால் வெளியே கருகும், எலும்போரம் சிவந்தே இருக்கும். முதன்முறை சமைப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்.

மறுநாள் வாணலியில் சிறிது எண்ணெய் விட்டு, தோல் பக்கம் கீழே இருக்குமாறு வைத்து, பொன்னிறமாகும் வரை நடுத்தரத் தீயில் வாட்ட வேண்டும். பின்பு திருப்பி, மூடி, சிறுதீயில் கால் மணி நேரம் விட வேண்டும். சோயா சாஸ் 3 மேசைக்கரண்டி, மிரின் எனப்படும் இனிப்பான அரிசி மது 3 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 மேசைக்கரண்டி ஆகியவற்றைக் கலந்து கடைசியில்தான் ஊற்ற வேண்டும். முன்பே ஊற்றினால் சர்க்கரை அடிப்பிடிக்கும். சாறு பளபளப்பாகக் காலின் மேல் படிந்ததும் இறக்கலாம். இறைச்சியின் நடுப்பகுதி 75 பாகை செல்சியசில் ஒரு நிமிடமாவது இருந்திருக்க வேண்டும். கையால் பிடித்து உண்ண வசதியாக எலும்பு நுனியில் அலுமினியத்தாள் சுற்றுவது வழக்கம்.

பக்க உணவுக்கு அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. மசித்த உருளைக்கிழங்கைத் தட்டில் வளையமாக அடுக்கி, மேலே புரோக்கோலியும் சிறு தக்காளியும் பதித்தால் பச்சையும் சிவப்புமாகக் கிறிஸ்துமஸ் மலர்வளையம் போலத் தோன்றும். சோளச் சூப் கடையில் பொட்டலமாகக் கிடைக்கிறது.

கேக்

ஜப்பானில் 'ஷார்ட்கேக்' என்றால் அமெரிக்காவில் போல மொறுமொறுப்பான அடித்தளம் கொண்டது அன்று. பஞ்சு போன்ற கேக், அடித்த பாலேடு, ஸ்ட்ராபெரி. சிவப்பும் வெள்ளையும் அந்நாட்டில் மங்கல நிறங்கள். கேக்கின் அளவை எண்ணால் சொல்வார்கள். ஓர் எண்ணுக்கு 3 செ.மீ. விட்டம். 4ஆம் எண், அதாவது 12 செ.மீ. கேக், இருவருக்குத் தாராளம்.

வீட்டில் 15 செ.மீ. அச்சில் சுடுவதானால் முட்டை 2, சர்க்கரை 60 கிராம், மாவு 60 கிராம், உருக்கிய வெண்ணெய் 20 கிராம் போதும். 170 பாகையில் ஏறத்தாழ 25 நிமிடம். முந்தைய நாளே சுட்டு மூடி வைத்தால் மறுநாள் உதிராமல் குறுக்கே வெட்டலாம். பாலேட்டுப் பாத்திரத்தைப் பனிக்கட்டி நீரில் நிறுத்தி அடிக்க வேண்டும். சூடான அறையில் அது திரிந்துவிடும். அவன் இல்லாதவர்களுக்காக வெறும் கேக் அடித்தளமும் டிசம்பரில் கடைகளில் விற்கப்படுகிறது.

ஸ்ட்ராபெரி திறந்த வயலில் வசந்தத்தில்தான் பழுக்கும். இந்தக் கேக்குக்காகவே பசுமைக்குடில்களில் முன்கூட்டியே பூக்கச் செய்து டிசம்பருக்குக் கொண்டுவருகிறார்கள். அம்மாதத்தில் விலையும் உச்சத்தில் இருக்கும்.

தனித்திருப்போர்

25ஆம் நாள் இரவில் விற்காத கேக்குகள் விலை குறைக்கப்படும். இதை வைத்து, 25 வயதைத் தாண்டியும் மணமாகாத பெண்களை 'கிறிஸ்துமஸ் கேக்' என்று கேலி செய்யும் வழக்கம் 1980களில் இருந்தது. ஓர் இனிப்புப் பண்டத்தை மனிதரைக் காயப்படுத்தும் சொல்லாக்கியது கொடுமைதான். இன்று பெண்களின் சராசரி முதல் திருமண வயது 29ஐக் கடந்துவிட்டதால் அச்சொல் பொருளிழந்துவிட்டது. எனினும் அன்றிரவு துணையின்றி இருப்பவரைக் குறிக்க 'குரிபொச்சி' என்னும் புதிய சொல் வந்திருக்கிறது. சிலர் தம்மையே அப்படிச் சிரித்தபடி சொல்லிக்கொள்கிறார்கள். தெருமுனைக் கடைகளில் இப்போது ஒருவருக்கான சிறு கேக்கும் ஒற்றைக் கோழிக்காலும் கிடைக்கின்றன.