உங்கள் தரவை சர்வர்க்காரர் படிக்க முடியுமா?

மருத்துவமனையும் கூட்டுறவு வங்கியும் பள்ளியும் இன்று நம் விவரங்களைப் பல நேரங்களில் வாடகை சர்வரில்தான் வைத்திருக்கின்றன. வட்டில் கிடக்கும்போதும் இணையத்தில் போகும்போதும் அவை பொதுவாக மறையாக்கப்பட்டிருக்கும். ஆனால் கணினி அவற்றைக் கையாளும் நேரத்தில் மெமரியில் அப்படியே திறந்து கிடக்கும். மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் லினக்ஸின் வழக்கமான கேவிஎம் அமைப்பில், வாடகைக்கு எடுத்த மெய்நிகர் இயந்திரத்தின் மெமரி முழுவதும் ஹோஸ்டில், அதாவது அதைத் தாங்கும் சர்வரில், ஓடும் ஒரு சாதாரண நிரலின் கைக்கு எட்டும். அங்கே ரூட் அதிகாரம் உள்ளவரோ, அதைத் திருடியவரோ நோயாளியின் அறிக்கையை எடுத்துவிடலாம்.

இதை அடைக்க வந்தவைதான் பாதுகாக்கப்பட்ட மெய்நிகர் இயந்திரங்கள். ஏஎம்டியின் எஸ்இவி-எஸ்என்பியும் இன்டெலின் டிடிஎக்ஸும் மெமரியை மறையாக்குகின்றன. ஆண்ட்ராய்டின் பிகேவிஎம், பக்க அட்டவணைகள் மூலம் ஹோஸ்டையே விலக்கி வைக்கிறது. 2024-இல் வந்த லினக்ஸ் 6.8, கெஸ்ட்-மெம்எஃப்டி என்ற வசதியைச் சேர்த்தது. அதிலுள்ள மெமரியை ஹோஸ்டின் நிரல்கள் மேப் செய்யவே, அதாவது தம் முகவரிக்குள் இணைத்துக்கொள்ளவே, அப்போது முடியவில்லை.

ஆனால் நெட்வொர்க்குக்கும் வட்டுக்கும் சில மெமரிப் பக்கங்களை ஹோஸ்டோடு பகிர்ந்தே ஆகவேண்டும். அவற்றுக்குத் தனி மெமரி ஒதுக்குவது வீண்செலவு என்பதால், பகிர்ந்த பக்கங்களை மட்டும் அதே இடத்திலிருந்து மேப் செய்ய விடும் முயற்சி தொடங்கியது. சிக்கல் இங்கேதான். பகிர்ந்த பக்கம் மீண்டும் அந்தரங்கமாக மாறும்போது, அதைப் பிடித்திருக்கும் ஹோஸ்டின் ஒவ்வொரு பகுதியும் கைவிட்டிருக்க வேண்டும். பாதியில் நிற்கும் ஒரு வட்டுப் பரிமாற்றம் விடாமல் பிடித்திருந்தாலும் போதும், பாதுகாப்பு குலையும். டிடிஎக்ஸில் அந்தரங்கப் பக்கத்தில் ஹோஸ்ட் எழுதினால் இயந்திரமே விழக்கூடும். ஆகவே எல்லாப் பிடியும் விடுபடும்வரை மாற்றத்தை மறுக்க வேண்டும். மாறிய பின் தொடும் நிரலுக்குப் பிழைதான் கிடைக்க வேண்டும். 2025-இல் வெளியான லினக்ஸ் 6.18, தொடக்கம் முதலே பகிரப்பட்ட மெமரியை மேப் செய்ய மட்டுமே வழி திறந்தது. இருந்த இடத்திலேயே பக்கத்தை மாற்றும் கடினமான பகுதி அதில் இல்லை. அந்தப் பகுதியைச் சோதனையாகச் சேர்த்த கெர்னலில் மக்களின் தரவை ஓட்டக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சர்வர் எடுப்பவர்கள் விளம்பரத்தை நம்பாமல் சான்றளிப்பு அறிக்கையைக் கேட்க வேண்டும். சிப் கையொப்பமிட்டுத் தரும் அந்த அறிக்கையில் இரண்டைப் பாருங்கள். ஒன்று, டீபக் (பிழைதேடும்) அனுமதி. அது திறந்திருந்தால் மறையாக்கம் இருந்தும் ஹோஸ்ட் படிக்கலாம். மற்றொன்று, ஃபர்ம்வேர் பதிப்பு. 2024-இல் வெளிவந்த பேட்ரேம் தாக்குதல், மெமரி பலகையிலுள்ள சிறு சிப்பில் பொய்த் தகவல் எழுதியே எஸ்இவி-எஸ்என்பியை ஏமாற்றியது. ஏஎம்டி தந்த திருத்தம் ஏறாத சர்வர்கள் அதற்கு இன்றும் இரையாகலாம்.

தரவு கசிந்தால் யார் பொறுப்பு? இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தரவைத் திரட்டிய நிறுவனமே பொறுப்பு. கிளவுட் நிறுவனத்தைக் கைகாட்டித் தப்ப முடியாது. கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். போதிய பாதுகாப்பு இல்லாததற்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை. அந்தத் தொகை அரசின் கருவூலத்துக்குப் போகிறது, பாதிக்கப்பட்டவருக்கு அல்ல. இது பெருங்குறை. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களுக்குப் பிறகே நடைமுறைக்கு வருகின்றன. புகாரை முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கொடுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால்தான் வாரியத்தை அணுகலாம்.